மேடு, பள்ளம், எண்ணெய்
யந்திர உறுப்புகளின் உராய்வு பற்றி நெசவாளரும் விவசாயியும் அறிய வேண்டியவை

சுமை ஏற்றிய மாட்டு வண்டி அச்சு முனகப் போகுமானால், பாதையில் நிற்கும் எவரும் "மை போடாமல் வண்டி கட்டியிருக்கிறான்" என்று சொல்லிவிடுவார்கள். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கிணற்றில் கவலை இறைத்த நாளில் உருளை கிறீச்சிட்டால் அதற்கும் எண்ணெய் விட்டோம். நெசவாளர் குடும்பங்களிலோ, பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, மயிர் படியத் தடவி, அதன்மேல் சிறிது எண்ணெயும் இட்டபின்பே அதைத் தறியில் ஏற்றுவது வழக்கம். ஆகவே உராய்வைத் தணிக்கும் கலை நமக்குப் புதிதன்று.

ஆயினும், "எண்ணெய் எதற்கு?" என்று கேட்டால், "உறுப்புகள் வழுக்கி ஓடுவதற்கு" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். "எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது" என்றும் நம்பிவிடுகிறோம். இவ்விரண்டும் பாதி உண்மைகளே. உலோகத்தின் மேற்பரப்பு எப்படிப்பட்டது, அதன்மேல் எண்ணெய் எவ்வாறு நிற்கிறது, எந்த இடத்தில் வழவழப்பே தீமையாகிறது என்பவற்றை அறியாமல் யந்திரம் ஓட்டுவோர் நூலிலும் துணியிலும் மின்சாரத்திலும் நஷ்டப்படுகிறார்கள்.

நஷ்டம் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். திருப்பூர் வட்டாரத்தில் கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று பேசிக்கொண்டு துணி பின்னித் தரும் சிறு கூடங்கள் பல உள்ளன. அப்படி ஒரு கூடத்தில் பின்னிய துணி சாயப் பட்டறைக்குப் போய்த் திரும்பியபோது, அதில் நெடுக ஒரு கறுத்த கோடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் துணியாக இருந்தபோது அது கண்ணில் படவில்லை. நூலின் குற்றம் என்பார் ஒருவர். சாயத்தின் குற்றம் என்பார் மற்றொருவர். முடிவில் பின்னியவரின் கூலியில் பிடித்தம் விழும். கோட்டின் பிறப்பிடமோ, ஊசியும் அது ஓடும் காடியும் ஒன்றையொன்று உரசிய இடமாக இருக்கலாம். காரணம் தெரிந்தவர் தம் யந்திரத்தைத் திருத்திக்கொள்வார். தெரியாதவர் அடுத்த மாதமும் பிடித்தம் கொடுப்பார்.

கண்ணுக்குத் தெரியாத மலைகள்

கண்ணாடிபோல் மினுங்கும் ஓர் இரும்புத் தண்டை எடுத்துக்கொள்வோம். விரலால் தடவினால் ஒரு தடையும் தோன்றாது. ஆனால் அதைப் பன்மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வை மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். லேத்தில் கடைந்த பரப்பில் சராசரி ஏற்றத்தாழ்வு சில மைக்ரான் இருக்கும். சாணைக் கல்லில் நன்கு தேய்த்த பரப்பில் அரை மைக்ரான் அளவுக்கும் கீழே குறையும். ஆனால் எந்த முறையாலும் அது முற்றிலும் மறைவதில்லை.

இத்தகைய இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை முழுமையாகப் பொருந்துவதில்லை. மேட்டு முனைகள் மட்டுமே முட்டுகின்றன. ஸ்விட்சர்லாந்தைக் கவிழ்த்து ஆஸ்திரியாவின்மேல் வைத்ததைப் போன்றது இது என்று பௌடன் என்ற விஞ்ஞானி உவமை கூறினார். நமக்கு நீலகிரியைப் பெயர்த்து ஆனைமலையின்மேல் கவிழ்த்ததாக எண்ணிக்கொள்வது எளிது. பார்வைக்கு எவ்வளவு பெரிய பரப்பாயினும், உண்மையில் தொடுவது அதில் மிகச் சிறு பங்கே. பாரம் முழுவதும் அந்தச் சில முனைகளின்மேல் விழுவதால், அங்கே உலோகம் நசுங்கி ஒட்டிக்கொள்கிறது. யந்திரம் நகரும்போது அந்த ஒட்டு பிய்கிறது. பிய்க்கச் செலவாகும் சக்தியே உராய்வின் பெரும்பகுதி. பிய்ந்து விழும் பொடியே தேய்மானம்.

பரிசலும் பாறையும்

இப்போது எண்ணெயை ஊற்றுவோம். பவானியிலும் காவிரியிலும் பரிசல் விடுவோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஆற்றில் நீர் நிறைந்திருந்தால் அடியில் பாறை இருந்தாலும் பரிசலுக்குக் கவலையில்லை. நீர் குறைந்தால் சில பாறைகள் அடியில் தட்டும். நீர் வற்றினால் பரிசல் பாறைமேலேயே உட்கார்ந்துவிடும். யந்திரத்திலும் இந்த மூன்று நிலைகளே உள்ளன. நீரின் ஆழம் என்பது எண்ணெய்ப் படலத்தின் கனம். பாறையின் உயரம் என்பது இரு பரப்புகளின் சொரசொரப்பு. படலத்தின் கனம் சொரசொரப்பைப்போல் 3 மடங்குக்கு மேல் இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. ஒரு மடங்குக்குக் கீழே போனால் முனைகள் நேராக மோதிக்கொள்கின்றன. இடைப்பட்ட நிலையில் பாரத்தின் ஒரு பகுதியை எண்ணெயும் ஒரு பகுதியை முனைகளும் சுமக்கின்றன. ஆகவே எண்ணெய் எவ்வளவு என்பது மட்டும் கேள்வியன்று. அந்தப் பரப்புக்கு அது போதுமா என்பதே கேள்வி.

எண்ணெய் எவ்வாறு பாரத்தைச் சுமக்கிறது என்பதை மனிதன் அறிந்தது ஒரு தற்செயலால்தான். இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்து 1883ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். எண்ணெய் விடுவதற்கென்று பேரிங்கின் உச்சியில் துளை ஒன்றை அவர் இட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அத்துளை வழியே மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்துப் பார்த்தார். அடைப்பு வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயையும் இழுத்துச் சென்று, குறுகிய சந்தில் நெருக்கி, பாரத்தையே தூக்கும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்போது விளங்கிற்று. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைக் கணித முறையில் நிறுவினார். வேகமும் எண்ணெயின் கெட்டித்தன்மையும் பாரமும் மாறும்போது உராய்வு எப்படிக் குறைந்து, பிறகு எப்படி ஏறுகிறது என்பதை ஜெர்மனியில் ஸ்ட்ரிபெக் 1902இல் அளந்து காட்டினார்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, எண்ணெய்ப் படலத்தைப் படைப்பது ஓட்டமே. ஆகையால் நின்ற யந்திரம் புறப்படும் கணமே ஆபத்தான கணம். விடுமுறைக்குப் பின்னரும் மின்வெட்டுக்குப் பின்னரும் யந்திரத்தை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் விடுவது, வற்றிய ஆற்றில் பரிசலை இழுப்பதாகும். இரண்டாவது, எண்ணெய் மிக நீர்த்திருந்தால் படலம் கிழியும். மிகக் கெட்டியாக இருந்தால் அந்த எண்ணெயைக் கலக்குவதற்கே மின்சாரம் செலவாகி யந்திரம் சூடேறும். இரண்டுக்கும் நடுவே ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற அளவு ஒன்று உண்டு.

பின்னல் யந்திரத்தின் உள்ளே

வட்டப் பின்னல் யந்திரத்தில் இந்த உண்மை எவ்வளவு கடுமையாகச் செயற்படுகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 30 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 ஊசியும் உடைய சிலிண்டரில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் இருக்கும். நூல் ஊட்டும் இடங்கள் 90 என்றும், சிலிண்டர் நிமிஷத்துக்கு 25 சுற்று சுற்றுகிறது என்றும் கொள்வோம். ஒவ்வோர் ஊசியும் நிமிஷத்துக்கு 2,250 முறை மேலேறிக் கீழிறங்க வேண்டும். 8 மணி நேர ஷிப்டில் இது பத்து லட்சம் முறைக்கு மேலாகிறது. ஒவ்வொரு முறையும் ஊசியின் குதி கேமின் சரிவில் மோதுகிறது. ஊசியின் பக்கங்கள் காடியின் சுவர்களை உரசுகின்றன.

இங்கே ஊசி ஒரே திசையில் ஓடிக்கொண்டிருப்பதில்லை. உச்சியிலும் அடியிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும் அந்தக் கணத்தில் படலத்தைத் தாங்கும் ஓட்டம் இல்லாமையால், பரிசல் பாறையில் தட்டியே தீரும். ஆகவேதான் ஊசி எண்ணெயில் உலோகத்தைப் பற்றிக்கொண்டு மெல்லிய காப்பாக நிற்கும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள். பொதுவாக 22 அல்லது 32 என்ற கெட்டித்தன்மை எண் உடைய எண்ணெய்களே இவ்வேலைக்கு வழங்குகின்றன. எண் குறைந்தால் நீர்த்தது, கூடினால் கெட்டி என்று பொருள். எது வேண்டும் என்பதை யந்திரம் செய்தவரின் கையேடு சொல்லும்.

இந்த ஏற்பாடு கெட்டால் துணியில் என்ன நேர்கிறது? தேய்ந்த உலோகத்தின் பொடி எண்ணெயோடு கலந்து அதைக் கறுப்பாக்குகிறது. அந்தக் கறுத்த எண்ணெய் ஊசி வழியே துணியில் இறங்கிக் கோடாகிறது. எண்ணெய் மட்டுமாயின் சலவையில் போய்விடும்படி தயாரித்த வகைகள் உண்டு. உலோகப் பொடியோ எளிதில் போவதில்லை. இரும்புத் துகள் துணியில் தங்கியிருக்க, அதைப் பெராக்சைடில் வெளுக்கும்போது, துகள் உள்ள இடத்தில் வெளுப்பு மருந்தின் வேகம் மிகுந்து இழை நைந்துவிடுகிறது. துணியில் ஊசி குத்தினாற்போன்ற ஓட்டைகள் சில சமயம் இப்படியும் தோன்றுகின்றன.

இதைக் கண்டு பயந்து எண்ணெயைக் குறைப்பவர்களும் உண்டு. துணியில் கறை படுகிறது என்று சொட்டைக் குறைத்தால், முனைகள் மோதித் தேய்மானம் பெருகி, கறுப்பு முன்னிலும் அதிகமாகும். கோடு தென்பட்டதும் சொட்டைக் குறைக்காமல், எண்ணெயின் தரத்தையும் காடிகளின் சுத்தத்தையும் முதலில் பார்க்க வேண்டும். பருத்தி நூலிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசி காடிகளில் அடைந்து, விளக்குத் திரியைப்போல் எண்ணெயை உறிஞ்சிவிடுகிறது. விட்ட எண்ணெய் தூசிக்குப் போகிறதேயன்றி ஊசிக்குப் போவதில்லை.

அளவுக்கு மேல் வழியும் எண்ணெய்க்கும் விலை உண்டு. அது துணியோடு சாயப் பட்டறைக்குச் சென்று, அங்கே கழுவப்பட்டுக் கழிவுநீரில் சேர்கிறது. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நம் வட்டாரம் மறக்கவில்லை. நொய்யலின் நிலை கண்ட விவசாயிகளும் மறக்கவில்லை. யந்திரத்தில் வீணான ஒவ்வொரு சொட்டையும் பிறகு யாரோ செலவு செய்து சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது.

வழவழப்பே தீமையாகும் இடங்கள்

இனி, "மினுங்க மினுங்கத் தேய்த்துவிட்டால் உராய்வே இராதே" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் ஆயில் என்ஜின் வைத்திருந்தவர்கள், அதன் சிலிண்டர் லைனரின் உட்புறத்தில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். அவை பிழையால் வந்தவை அல்ல, வேண்டுமென்றே இட்டவை. அந்தக் கீறல்களில் தங்கும் எண்ணெயே பிஸ்டன் வளையத்துக்குப் படலமாகிறது. நாளடைவில் உட்புறம் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கினால் எண்ணெய்க்குத் தங்க இடமில்லை; புகை கிளம்பி, எண்ணெய்ச் செலவும் கூடும். மேடுகள் மழுங்கியிருக்க வேண்டும், பள்ளங்கள் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே நல்ல பரப்பின் இலக்கணம். புது என்ஜினைச் சில காலம் குறைந்த பாரத்தில் ஓட்டிப் பழக்குவதும், கூரிய முனைகள் மட்டும் மெல்ல மழுங்கட்டும் என்பதற்காகவே.

நூல் வழிகாட்டிகளின் செய்தி இன்னும் வியப்பானது. நூல் உரசிச் செல்லும் கண்களை முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மெருகிட்டால், நூல் அதன்மேல் அதிகமாகப் படிந்து, உராய்வு கூடுகிறது. கூர்மையற்ற சிறு மேடுகளோடு மங்கலாக முடிக்கப்பட்ட பரப்பில் நூல் மேட்டு முனைகளை மட்டும் தொட்டுச் செல்வதால் உராய்வு குறைகிறது. ஆனால் கீறலும் வெட்டும் விழுந்த கண் நூலை அறுத்துவிடும். ஆகையால் பார்வைக்கு மங்கலாக இருக்கிறதே என்று பீங்கான் கண்ணை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும் தவறு. பள்ளம் விழுந்த கண்ணை மாற்றாமல் விடுவதும் தவறு.

கோன் நூலுக்கு மெழுகு ஏற்றுவதிலும் இதே நியாயம்தான். ஒரு கிலோ நூலுக்கு ஏறக்குறைய 1 கிராம் மெழுகு போதும். உராய்வு பெரிதும் தணியும். மெழுகு குறைந்தாலும் உராய்வு ஏறும், மிகுந்தாலும் ஏறும். மிகுந்த மெழுகு வழிகாட்டிகளிலும் ஊசியின் நாக்கிலும் படிந்து அழுக்காகிறது. மெழுகு ஏற்றிய கோன்களைத் தகரக் கூரையின் வெக்கையிலும் வெயிலிலும் அடுக்கினால், மெழுகு உருகி நூலுக்குள் இறங்கி, மேற்பரப்பில் பயன்படாமற் போய்விடும்.

பருத்தியே மசகாகும் அதிசயம்

பருத்தி விளைவிப்போர் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று நூற்பாலையில் இருக்கிறது. ரிங் பிரேமில் கதிரைச் சுற்றியுள்ள ரிங்கின்மேல் டிராவலர் என்னும் சிறு கம்பி வளைவு ஓடி நூலை முறுக்குகிறது. ரிங்கின் விட்டம் 38 மில்லிமீட்டர், கதிரின் வேகம் நிமிஷத்துக்கு 18,000 சுற்று என்று கொண்டால், டிராவலர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 36 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 129 கிலோமீட்டர். விரைவு ரயிலின் வேகம் இது. அந்தச் சுழற்சியில் அதை வெளிப்புறமாகத் தள்ளும் விசை அதன் எடையைப்போல் ஏறக்குறைய 7,000 மடங்கு. நூலின் இழுப்பு அதில் ஒரு பங்கைத் தாங்க, மிச்சம் முழுவதும் ரிங்கின்மேல் விழுகிறது.

இவ்வளவு கடுமையான உராய்வு நிகழும் இடத்தில், நூல் கறைபடும் என்பதால், பருத்தி நூற்கும்போது பொதுவாக எண்ணெய் விடுவதில்லை. பின் யார் காப்பது? நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பருத்தி இழை நுனிகள் ரிங்குக்கும் டிராவலருக்கும் இடையே அகப்பட்டு நசுங்குகின்றன. இழையும் அதன் இயற்கை மெழுகும் சேர்ந்து ரிங்கின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. டிராவலர் ஓடுவது அந்தப் படலத்தின்மேல். பருத்தி இழையில் உள்ள மெழுகு எடையில் 1 சதவீதங்கூட இராது. ஆயினும் கதிர்கள் சுழல்வதற்கு அதுவே துணை. சாயமேற்றி மெழுகு போன பஞ்சையோ செயற்கை இழையையோ நூற்கும்போது டிராவலர் விரைவில் எரிந்து தேய்வது இதனால்தான்.

புது ரிங்கில் இந்தப் படலம் இராது. பரப்பின் நுண்முனைகளும் மழுங்கியிரா. ஆதலால் ஆரம்பத்தில் வேகத்தைக் குறைத்து, டிராவலர்களை அடிக்கடி மாற்றி, படிப்படியாக வேகத்தை ஏற்றுவது ஆலை வழக்கம். பொறுமையின்றி முதல் நாளே முழு வேகத்துக்குப் போனால் ரிங்கின் ஆயுள் குறையும். நூல் அறுபடுவதும் மிகும்.

உராய்வு வேண்டிய இடமும் உண்டு. பருத்தி அரைக்கும் ரோலர் ஜின்னில் தோல் ரோலர் சற்றுச் சொரசொரப்பாக இருந்தால்தான் இழையைப் பற்றி இழுக்கும். தோல் மழுங்கிப் பளபளத்துவிட்டால் அரவை குறையும். அப்போது அதன்மேல் மீண்டும் காடி வெட்டுகிறார்கள். விசைத்தறியின் நாடாப் பெட்டியில் நாடாவைப் பிடித்து நிறுத்துவதும் உராய்வே. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் நாடா நில்லாது.

சங்கமும் அங்கத்தினரும் செய்ய வேண்டியவை

1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் அமைந்த குழு, உராய்வையும் தேய்மானத்தையும் அறிவோடு கவனித்தால் அந்நாட்டுத் தொழில்கள் ஆண்டுக்கு 51 கோடியே 50 லட்சம் பவுன் மிச்சப்படுத்தலாம் என்று மதிப்பிட்டது. உலகம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே போகிறது என்று 2017இல் இரு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். நம் கூடத்தில் இந்த வீண்செலவைக் குறைக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை, ஒழுங்கே வேண்டும்.

1. யந்திரத்தின் கையேடு சொல்லும் எண் உடைய எண்ணெயையே வாங்குதல். பழைய என்ஜின் எண்ணெயையும் பெயரற்ற எண்ணெயையும் ஊசிக்கு விடாதிருத்தல்.

2. எண்ணெய்ப் பாத்திரத்தை மூடி வைத்தல். ஒரு மைக்ரான் படலத்தில் சில மைக்ரான் மணல் புகுந்தால் அது உலோகத்தை உழுதுவிடும்.

3. நெடுநேரம் நின்ற யந்திரத்தைக் கையால் ஓரிரு சுற்றுச் சுற்றி, எண்ணெய் பரவியபின் சில நிமிஷம் மெதுவாக ஓட்டி, பிறகு வேகத்தை ஏற்றுதல்.

4. பஞ்சுத்தூசியைத் தினமும் நீக்குதல். காடிகளைக் கழுவும் நாளைக் குறித்து வைத்தல்.

5. வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தல். எண்ணெய் தெளிவாக வந்தால் நலம். கறுத்து வந்தால் எங்கோ உலோகம் தேய்கிறது என்று பொருள்.

6. ஊசியின் குதியைப் பூதக்கண்ணாடியால் பார்த்தல். பலவற்றில் பள்ளம் விழுந்திருந்தால், ஒன்றிரண்டை மாற்றாமல் ஊசிகளை முழுத் தொகுதியாக மாற்றுதல். தேய்ந்ததும் புதியதும் கலந்தால் துணியில் கோடு விழும்.

இவற்றில் சில தனி ஒருவரால் ஆகாதவை. நல்ல எண்ணெயை முத்திரையிட்ட பீப்பாயாக வாங்க ஒரு சிறு கூடத்துக்கு வசதியிராது. சங்கம் வாங்கிப் பகிர்ந்து கொடுக்கலாம். சொரசொரப்பை அளக்கும் கையடக்கக் கருவி உண்டு. வைர முனை ஒன்று பரப்பின்மேல் ஊர்ந்து மேடு பள்ளத்தை எண்ணாகக் காட்டும். ஒருவர் வாங்கினால் அது பெட்டியில் கிடக்கும்; சங்கத்துக்கு ஒன்று இருந்தால் ரிங்கையும் கேமையும் லைனரையும் வேண்டியவர் வேண்டியபோது அளந்துகொள்ளலாம். கோயம்புத்தூரில் 1956இல் ஏற்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. அதன் யோசனையைக் கேட்பதற்கும் தனி மனிதரைவிடச் சங்கத்துக்கே எளிது.

கோடு விழுந்த துணிக்குப் பிடித்தம் கொடுத்துவிட்டு, நூலையும் சாயத்தையும் குறை சொல்லிக்கொண்டிருப்பதால் பயனில்லை. அடுத்த மகாசபையில் பொது எண்ணெய்க் கொள்முதலையும் அளவுக் கருவியையும் அங்கத்தினர்கள் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வார்களாக. அதுவரை, நாளைக் காலை ஷிப்டு தொடங்குமுன் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவரவர் யந்திரத்தைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு செலவும் இல்லை.